வீட்டுக் கூடத்தில் இதயம் நின்றால்: டெல்டா கிராமத் தெருக்கள் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய ஏற்பாடுகள்

விடியற்காலை நாலரை மணிக்கு மடை பார்க்கப் போவதற்காக எழுந்த அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், கூடத்தைக் கடந்து ரேழிக்கு வருவதற்குள் சரிந்து விழுகிறார். அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்து பார்க்கிறார். கூப்பிட்டால் பேச்சில்லை, வாய் மட்டும் தரையில் போட்ட மீனைப் போல இரண்டு மூன்று முறை திறந்து மூடுகிறது. அடுத்த பத்து நிமிடங்களில் என்ன நடக்கும் என்பது இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், உள்ளங்காலைத் தேய்ப்பார்கள், யாரோ ஒருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார், இன்னொருவர் ‘வாயுவாக இருக்கும்’ என்று சோடாவுக்கு ஆள் அனுப்புவார். அதற்குள் ‘காரை எடு’ என்ற குரல் எழும். நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பின்சீட்டில் மடக்கிக் கிடத்தி, கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ விரைவார்கள். அன்பிலும் குறைவில்லை, ஆள்பலத்திலும் குறைவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர்கூட அவர் நெஞ்சை அழுத்தியிருக்க மாட்டார்.

அந்த ஓட்டத்தின் திசையை மாற்றுவதற்கு ஒரு தெரு முன்கூட்டியே என்னென்ன செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன். நெஞ்சை அழுத்தும் முறையை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். கற்றுக்கொண்டவர் நாலரை மணிக்குப் பூட்டிய கதவுக்குள் இரண்டு நிமிடத்தில் வந்து சேர வேண்டுமே, அதற்கான ஏற்பாட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் ‘அட்டாக்’ என்று ஒரே சொல்லால் குறிப்பதால் குழப்பம் வருகிறது. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவது. அது வந்தவருக்கு நெஞ்சு இறுகும், வியர்த்துக் கொட்டும், இடது கையோ தாடையோ வலிக்கும், ஆனால் அவர் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். இதய நிறுத்தம் என்பது இதயத்தின் மின் ஒழுங்கு குலைந்தோ அடங்கியோ போய், ரத்தத்தை வெளியே தள்ளும் வேலை சட்டென்று நின்றுவிடுவது. அவர் சில நொடிகளில் நினைவிழந்துவிடுவார். முன்னது பின்னதாக மாறக்கூடும் என்பதால், நெஞ்சு வலி என்று சொல்லும் மனிதரை ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். 2023-இல் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு முதல் தவணை மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. வலியோடு இருப்பவர் தானே பைக்கை ஓட்டிக்கொண்டு அங்கே போவது மட்டும் கூடாது.

இதயம் நின்ற பிறகு கணக்கு நிமிடங்களில் ஓடுகிறது. 4 முதல் 6 நிமிடங்களுக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நெஞ்சை அழுத்தாமலும் மின் அதிர்ச்சி தராமலும் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் 108 ஊர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும், ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய வாய்க்கால் கரைச் சாலையில் திரும்பி, மதகு தாண்டி, கீழத்தெருவின் கடைசி வீட்டுக்கு நான்கு நிமிடத்தில் வந்துவிட முடியாது. ஆகவே முதல் பத்து நிமிடம் அந்த வீட்டில் இருப்பவருக்கும் அக்கம்பக்கத்து நான்கைந்து வீடுகளுக்கும் உரியது. சரியாக அழுத்தினால் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கிடைக்கும். பார்க்கச் சிறிய பங்குதான். ஆனால் ஊர்தி வரும்வரை மூளையைத் தாக்குப்பிடிக்க வைப்பது அதுவே.

அடையாளம் காணுதல்

விழுந்தவரின் இரண்டு தோள்களையும் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மார்பும் வயிறும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பத்து நொடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மணிக்கட்டில் நாடி தேடுவது வேண்டாம். பதற்றத்தில் நம் விரலின் துடிப்பே நமக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இடைவெளி விட்டு விட்டு, குறட்டை போன்றோ விக்கல் போன்றோ, ஏங்கி இழுக்கும் மூச்சு ஒன்று வரும். ‘மூச்சு இருக்கிறது, இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி எல்லோரும் காத்திருப்பார்கள். அது மூச்சே இல்லை. மூளைத் தண்டு ஆக்சிஜன் இல்லாமல் எழுப்பும் கடைசிக் கேவல். அதேபோல விழுந்த உடனே கை கால் சில நொடிகள் வெட்டி இழுக்கலாம். அதைக் காக்கா வலிப்பு என்று எண்ணிச் சாவி தேடப் போனால் அந்த நிமிடமும் போய்விடும். நினைவு இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொண்டு அழுத்தத் தொடங்க வேண்டும். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் தவறுதலாகச் சில முறை அழுத்திவிட்டாலும் பெருந்தீங்கு நேர்வது அரிது. அவரே முனகியோ கையைத் தட்டிவிட்டோ நம்மை நிறுத்திவிடுவார்.

மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கி விழுந்தவர் என்றால், மெயினை அணைக்காமல் அவரைத் தொடக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டாமவரும் விழுந்த கதைகள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

அழுத்தும் முறை

ஆளைத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கயிற்றுக் கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. கோரைப்பாய் விரித்த தரை போதும். கழிவறையிலோ கிணற்றடியிலோ விழுந்திருந்தால், அக்குளில் கை கொடுத்தோ ஒரு போர்வையின் மேல் புரட்டி இழுத்தோ அகலமான இடத்துக்குக் கொண்டு வாருங்கள்; அதற்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவாகக் கூடாது.

அவர் மார்புக்கு நெருக்கமாக முட்டி போடுங்கள். நெஞ்சின் நட்ட நடுவில் இருக்கும் எலும்பின் கீழ்ப்பாதியில், மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கை மேட்டை வைத்து, அதன் மேல் மற்றொரு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் தள்ளி அழுத்துபவர்கள் நிறையப் பேர். இதயம் இடப்பக்கம் என்று பள்ளியில் படித்ததன் விளைவு அது. முழங்கையை மடக்காமல், உங்கள் தோள்கள் அவர் நெஞ்சுக்கு நேர் மேலே வரும்படி சாய்ந்து, கை வலுவால் அல்லாமல் உடல் கனத்தால் அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், ஆழம் போக வேண்டும். 6 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விட வேண்டும், ஏனெனில் அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் மீண்டும் நிரம்பும். கையை எடுக்க வேண்டியதில்லை, பாரத்தை மட்டும் எடுத்தால் போதும்.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. பயிற்சிகளில் ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணச் சொல்கிறார்கள். இருபதைத் தாண்டியதும் எண்களின் பெயர் நீண்டு, கையும் அதற்கேற்பத் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன். தவிலோசை கேட்டு வளர்ந்த மண்ணுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. ‘தக திமி தக ஜணு’ என்ற எட்டு எழுத்துச் சொற்கட்டை, எழுத்துக்கு ஓர் அழுத்தமாக, மனத்துக்குள் ஓடவிடுங்கள். நிமிடத்துக்குப் பதினான்கு சுற்று வந்தால் 112 அழுத்தம் ஆகிவிடும். முதல் தடவை கடிகாரத்தை வைத்து அந்த நடையைப் பிடித்துக்கொண்டால் பிறகு அது தப்பாது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ‘எனக்குக் களைப்பில்லை’ என்று வீம்பு காட்டுபவரின் அழுத்தம் அவருக்கே தெரியாமல் மேலோட்டமாகிவிடும். மாறும் இடைவெளி ஐந்து நொடிக்குள் முடியும்படி, அடுத்தவர் எதிர்ப்பக்கம் முட்டி போட்டுத் தயாராக இருக்கட்டும். அழுத்தும்போது விலா எலும்பு நொறுங்கும் ஓசை கேட்கலாம். கேட்டதும் நிறுத்திவிடாமல், கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள். எலும்பு கூடிவிடும்.

வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்கியே பலர் கிட்ட வருவதில்லை. மயக்கவியல் மருத்துவர்களின் இந்திய அமைப்பு சார்பில் 2017-இல் வெளியிடப்பட்ட நெறிமுறை, பயிற்சி பெறாத பொதுமக்கள் பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்தினாலே போதும் என்று சொல்கிறது. ஆற்றில், குளத்தில் மூழ்கியவர்களும் குழந்தைகளும் மட்டும் விலக்கு. அவர்களுக்கு மூச்சு நின்றதால்தான் இதயம் நிற்கிறது. எனவே ஊதத் தெரிந்தவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை ஊத வேண்டும். ஆறும் வாய்க்காலும் பின்னிக்கிடக்கும் ஊர்களில் தெருவுக்கு இருவராவது இதையும் கற்றுக்கொள்வது நல்லது. ஊதத் தெரிந்தவர் இல்லையென்றால் அழுத்துவதையாவது செய்ய வேண்டும்.

பெண்கள் விழுந்துவிட்டால் தொடுவதற்கு ஆண்கள் கூசி நிற்கிறார்கள். முந்தானையையும் தாலிக்கொடியையும் ஒருபுறம் தள்ளினால் போதும். அழுத்துவதற்காக ரவிக்கையைக் கழற்ற வேண்டியதில்லை, சுற்றி நான்கு பெண்கள் நின்று மறைத்துக்கொள்ளலாம். அழுத்துகிறவர் ஆணா பெண்ணா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கக் கூடாது என்பதைப் பயிற்சியின்போதே வெளிப்படையாகப் பேசி முடித்துவிட வேண்டும்.

அவர் அசைந்து இயல்பாக மூச்சுவிடத் தொடங்கும்வரை, அல்லது 108 பணியாளர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை அழுத்துவதை நிறுத்தக் கூடாது. மூச்சு திரும்பிவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், மறுபடி நின்றுவிடக்கூடும்.

108-க்குப் பேசுவது எப்படி

பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். அழைப்பை எடுப்பவர் சென்னையில் இருக்கிறார். ‘பாபநாசம்’ என்று சொன்னால் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசமா, தாமிரபரணிக் கரைப் பாபநாசமா என்று அவர் கேட்டாக வேண்டும். பதற்றத்தில் ‘திருவாரூர்’ என்பது ‘திருவள்ளூர்’ என்று காதில் விழுவதும் நடக்கும். கீழத்தெருவும் மேலத்தெருவும் இல்லாத ஊர் எது? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நாள்காட்டிக்குக் கீழே, பெரிய எழுத்தில், மாவட்டம், வட்டம், ஊராட்சி, தெரு, கதவு எண், பிரதான சாலையிலிருந்து திரும்பும் இடத்தின் அடையாளம் ஆகியவற்றை எழுதி ஒட்டி வையுங்கள். பார்த்து வாசித்தால் போதும். ‘ஆள் விழுந்துவிட்டார், நினைவில்லை, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்’ என்ற சொற்களையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். ‘மயக்கம்’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு நிலைமையின் கடுமை புரியாமல் போகலாம்.

வீட்டில் ஒருவரே இருந்தால் ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே அழுத்த வேண்டும். மூத்த பெண்களில் பலருக்கு எண்ணை அழுத்திப் பேசத் தெரியும், ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மகனோ பேத்தியோ ஊருக்கு வரும்போது நான்கு முறை போட்டுப் போட்டுப் பழக்கிவிட்டுப் போகலாம்.

காரை எடுக்காதீர்கள்

இந்த வழிகாட்டியிலேயே ஏற்றுக்கொள்ளக் கடினமான பகுதி இதுதான் என்பதை அறிவேன். கண்ணெதிரே அப்பா கிடக்கும்போது காரை எடுக்காமல் இருப்பது கைகட்டி நிற்பது போலத் தெரியும். ஆனால் ஓடும் காரின் பின்சீட்டில் யாராலும் நெஞ்சைச் சரியாக அழுத்த முடியாது. தூக்குவது, ஏற்றுவது, கும்பகோணம் எல்லையில் நெரிசலில் நிற்பது என்று இருபது நிமிடம் ஒரு சொட்டு ரத்தமும் மூளைக்குப் போகாமல் கழியும். மருத்துவமனை வாசலில் ‘கொண்டு வரும்போதே உயிர் இல்லை’ என்று சொல்வார்கள். என் நெருங்கிய உறவினர் ஒருவரை நாங்கள் அப்படித்தான் கொண்டு போனோம். வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டு வந்தேன். விசிறியதற்குப் பதில் வீட்டிலேயே அழுத்தியிருக்கலாம் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

108 உறுதியாக வராது என்று தெரிந்தால், வெள்ளத்தில் சாலை அறுந்து கிடக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அப்படியும் நேரலாம், அப்போது மட்டும் வேறு வழி தேடலாம். அப்போதும் லோடு ஆட்டோ, டிராக்டர் பெட்டி போன்ற தட்டையான இடத்தில் கிடத்தி, முடிந்தவரை அழுத்திக்கொண்டே போவது மேல். வாய்க்குள் தண்ணீர், காபி, சோடா, நாக்கின் கீழ் மாத்திரை எதையும் வைக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது நெஞ்சு வலி வந்தால் வேகமாக இருமிக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியையும் நம்ப வேண்டாம்.

தெருவை ஒழுங்குபடுத்துதல்

ஊர் முழுவதற்கும் ஒரு குழு என்று தொடங்குபவை பெரும்பாலும் துவக்க விழாப் புகைப்படத்தோடு நின்றுவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கொண்ட ஒரு கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து கத்தினால் மறுகோடி வீட்டில் கேட்க வேண்டும், அதுதான் எல்லை. அந்தக் கூற்றில் பகலில் யார் இருப்பார்கள், இரவில் யார் இருப்பார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் பகலில் ஆண்கள் வயலில் இருப்பார்கள். நூறு நாள் வேலை நடந்தால் பெண்களும் வெளியில் இருப்பார்கள். வீட்டில் மிஞ்சுவது முதியவர்களும், தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓரிரு பெண்களும், கடை வைத்திருப்பவரும்தான். இளைஞர் மன்றத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அழுத்துவதற்கு ஆள் இருக்காது.

மூன்று வேலைகளை மூன்று பேருக்கு ஒப்படையுங்கள்: அழுத்துபவர், பேசுபவர், வழிகாட்டப் போகிறவர். மூன்றாமவர் பைக்கை எடுத்துக்கொண்டு பிரதான சாலைத் திருப்பத்துக்குப் போய் ஊர்திக்காகக் காத்திருக்க வேண்டும், இரவென்றால் டார்ச் விளக்கோடு. தெருவில் அறுவடை இயந்திரம் நிற்கிறதா, சாலையில் நெல் காய்கிறதா, கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து வழியைத் திறந்து வைப்பதும் அவர் பொறுப்பு. அழுத்துபவர்களாக நான்கு பேரையாவது குறித்து வைத்தால்தான் எந்நேரமும் இருவர் கிடைப்பார்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதைத் தனியாகப் பேச வேண்டும். தெரு வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே அந்தச் செய்தி மூழ்கிப்போகும், இரவில் எல்லோரும் ஒலியை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். வயதான தம்பதியர் தனியாக இருக்கும் வீடுகளில், மகன் சிங்கப்பூரிலும் மகள் சென்னையிலுமாக இருக்க, இங்கே எத்தனை வீடுகள் அப்படி ஆகிவிட்டன, கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கி, பொத்தானைப் படுக்கைக்கு அருகிலும் மணியைப் பக்கத்து வீட்டுக் கூடத்திலும் மாட்டிவிடலாம். சில நூறு ரூபாய்தான் ஆகும். பழைய மண் சுவர்கள் கனமானவை என்பதால் மாட்டும் முன்பே ஒலிக்கிறதா என்று சோதிப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுவதும் அவசியம். இன்னொரு பொத்தானைக் கொல்லைக் கழிவறையில் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். விடியற்காலையில் அங்கே விழுபவரின் குரல் வாசல்வரை வராது.

கதவு பெரிய தடை. நம் பழைய வீடுகளில் வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் நாதாங்கி. உள்ளே விழுந்தவர் மனைவியென்றால் கணவராவது திறப்பார். தனியாக இருப்பவர் என்றால் கதவை உடைப்பதற்குள் காலம் முடிந்துவிடும். இரு பக்கமும் சாவியால் திறக்கும் பூட்டை மாட்டி, மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டோடு வரப்புத் தகராறு இருக்கிறது என்றால் எதிர்வீட்டில் கொடுங்கள். கழிவறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்கும்படி மாற்றுவதற்குத் தச்சருக்கு அரை நாள் வேலைகூட இருக்காது.

எவருக்கு அழுத்தத் தொடங்க வேண்டும், எவரை அமைதியாகப் போகவிட வேண்டும் என்ற கேள்வியும் எழும். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் படுக்கையில் இருப்பவரைப் பற்றி அவரும் குடும்பமும் மருத்துவரோடு முன்பே பேசி முடிவெடுத்திருந்தால், அதைத் தெருவில் அழுத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாத நிலையில் அவர்கள் அழுத்தவே செய்வார்கள். உடல் விறைத்துக் குளிர்ந்துவிட்டவரை அழுத்துவதில் பயனில்லை.

‘தொட்டால் நம் மேல் பழி வருமோ’ என்ற அச்சம் படித்தவர்களிடமே கூடுதலாக இருக்கிறது. உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருவதாகப் பேசப்படும் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சாலை விபத்துக்கு மட்டுமே உரியது. ஆனால் ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்லியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

பயிற்சி

டென்மார்க்கில் 2001-இல் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கே அருகில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்தினார்கள். 2010-இல் அது ஏறக்குறைய 45 விழுக்காடாக உயர்ந்தது. அதே காலத்தில் முப்பது நாள் கடந்து உயிரோடு இருந்தவர்களின் பங்கு 3.5-இலிருந்து 10.8 விழுக்காடானது. பள்ளிகளில் பயிற்சியைக் கட்டாயமாக்கியதும், ஓட்டுநர் உரிமம் பெற வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அங்கே எடுத்த முயற்சிகளில் சில. பன்னிரண்டு வயது முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் கற்றுத்தரலாம் என்ற பரிந்துரையை உலக சுகாதார நிறுவனமும் 2015-இல் ஆதரித்திருக்கிறது. நம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் கற்றுக்கொண்டு போனால், அன்று இரவே தலையணையை வைத்து ஆச்சிக்கும் அத்தைக்கும் செய்து காட்டிவிடுவாள்.

நாள் குறிப்பதில் கவனம் தேவை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்துவிட்டால் குறுவை வேலை தொடங்கிவிடும். பிறகு சம்பா, தாளடி என்று தை வரைக்கும் ஓய்வில்லை. பங்குனி, சித்திரை, வைகாசியில் வாய்க்கால் வறண்டிருக்கும் நாட்கள்தான் தோது. மே 1 கிராம சபைக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் போட்டால் ஊராட்சியின் ஒத்துழைப்பும் கிடைக்கும். கற்றுத்தருவதற்கு வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் துறையையோ, செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையையோ எழுத்து மூலமாகக் கேட்கலாம். பெண்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தன்று, பெண் ஒருவர் கற்றுத்தரும்படி தனியாக நடத்துங்கள். எங்கள் தெருவில் முதல் நாள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தபோது பெண்கள் ஒருவர்கூட பொம்மையின் அருகே வரவில்லை. அடுத்த வாரம் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தியதும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் முட்டி போட்டவர் அறுபத்தெட்டு வயது அத்தாச்சி. மூட்டு வலிக்காரர். ஒன்றரை நிமிடம் தாக்குப்பிடித்தார். பக்கத்து வீட்டு ஆள் வருவதற்கு அது போதுமான நேரம்.

பயிற்சிப் பொம்மை ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். கற்ற திறனோ மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கிவிடும். இடையில் பழகுவதற்கு, மூடிய ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் காலியாக, தடித்த தலையணை உறைக்குள் பஞ்சோடு சேர்த்துத் திணித்துக் கட்டித் தரையில் வைத்து அழுத்தலாம். ஆழத்தை அது சரியாகக் காட்டாது; தாளத்தையும் தோளின் நிலையையும் பழக்கிக்கொள்ளப் போதும். அத்துடன் ஒருமுறை முழு ஒத்திகை பாருங்கள்: முன்னறிவிப்பின்றி ஒரு வீட்டில் மணியை அடித்து, அழுத்தும் ஆள் வந்து முட்டி போட எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் குறியுங்கள். நாங்கள் பார்த்த முதல் ஒத்திகையில் ஐந்து நிமிடம் ஆயிற்று. அதில் மூன்று நிமிடம் நாய்க்குப் பயந்து வாசலில் நின்றது.

மின் அதிர்ச்சிக் கருவி

ஏ.இ.டி. என்ற சிறு பெட்டி, இதயத்தின் ஓட்டத்தைத் தானே கணித்து, தேவையென்றால் மட்டும் அதிர்ச்சி தரும். யாரும் இயக்கலாம், என்ன செய்ய வேண்டும் என்று அதுவே பேசும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று முன்வருவது உண்டு. மறுக்க வேண்டாம். ஆனால் அழுத்தத் தெரிந்த ஆட்கள் தெருவில் உருவாகாமல் பெட்டி மட்டும் வந்தால் அது ஊராட்சி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கும் என்பதால், அதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். வாங்கினால் வைக்கும் இடம் முக்கியம். கோயில் நடுப்பகலில் நடை சாத்திவிடும், கூட்டுறவுச் சங்கம் மாலையோடு மூடிவிடும். எந்நேரமும் ஆள் இருக்கும் வீடொன்றின் திண்ணைச் சுவரில், மழைச்சாரல் படாமல், பூட்டில்லாமல் மாட்டுவதே சரி. ஒட்டும் பட்டைகளுக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும். பயன்படுத்தும்போது மார்பின் ஈரத்தைத் துண்டால் துடைத்து, ஒரு பட்டையை மார்பின் வலப்பக்கம் காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கத்திலும் ஒட்ட வேண்டும். இதற்கு மட்டும் மார்பிலுள்ள துணியை விலக்கியே ஆக வேண்டும். கருவி சொல்லும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அழுத்தம் தொடர வேண்டும்.

நடந்து முடிந்த பிறகு

நன்றாகவே அழுத்தியும் பலர் பிழைப்பதில்லை. அழுத்தியவர் வீட்டுக்குப் போய்க் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரில் யாராவது ‘இவன் ஏறி அமுக்கியதால்தான்’ என்று சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் அடுத்த முறை ஒருவரும் முட்டி போட மாட்டார்கள். அதனால் காரியம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இறந்தவரின் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் அழுத்தியவர் வீட்டுக்கே போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது என்ற வழக்கத்தை, பயிற்சி நாளன்றே எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துவிடுங்கள். பிறகு பட்டியலை எடுத்து, கைப்பேசி எண் மாறியவர், மகனோடு ஊரை விட்டுப் போனவர், புதிதாகக் குடிவந்தவர் ஆகியோரைத் திருத்தி, மாற்றுச் சாவி இருக்கும் ஆணியில் அதுவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.